செத்த நட்சத்திரத்தின் பக்கத்தில் ராட்சதக் கோள்: உள்ளே மாட்டிப் பிழைத்ததா, பிறகு வந்து சேர்ந்ததா?

போன மாதம் ஒரு பள்ளியில் வானியல் பேசப் போயிருந்தேன். நட்சத்திரம் செத்த பிறகும் அதை ஒட்டி ஒரு பெரிய கோள் எப்படிச் சுற்றுகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். விளக்கம் இரண்டு இருக்கிறது, கையில் இருந்ததோ ஐந்து நிமிடம். கோள் பிறகு வந்து சேர்ந்தது என்ற இரண்டாவதைத்தான் நான் சொன்னேன், இன்னும் அதன் பக்கமே நிற்கிறேன்.

அவள் கேட்டது டபிள்யூடி 1856 என்ற வெண் குறுமீனைப் பற்றி, அதாவது எரிபொருள் தீர்ந்து செத்த நட்சத்திரத்தின் சுருங்கிய மிச்சம். நம்மிடமிருந்து சுமார் 80 ஒளியாண்டு. 2020-இல் ஆண்ட்ரூ வாண்டர்பர்க் குழுவினர் கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் உதவியோடு அங்கே வியாழன் அளவுள்ள கோளைக் கண்டார்கள். நட்சத்திரத்தைவிடக் கோள் ஏழு மடங்கு பெரியது, 30 லட்சம் கிலோமீட்டர் தள்ளி 34 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ஆதியிலிருந்தே அங்கே இருந்திருக்க வழியில்லை, ஏனென்றால் நட்சத்திரம் சாகுமுன் செம்பெருமீனாக, அதாவது பெரிய சிவப்பு நட்சத்திரமாக, ஊதியபோது அந்த இடமெல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது.

முதல் விளக்கத்துக்குப் பெயர் பொது உறை. ஊதிய நட்சத்திரம் கோளை விழுங்குகிறது, கோள் உள்ளேயே சுழன்று இறங்குகிறது, இறங்கும்போது வெளிவிடும் ஆற்றலால் மேலுறை வெளியே எறியப்படுகிறது, கோள் தப்பிக்கிறது. இது கற்பனை இல்லை, டபிள்யூடி 0137 என்ற வெண் குறுமீனைச் சுற்றும் பழுப்புக் குறுமீன் (கோளைவிடக் கனமான, ஆனால் நட்சத்திரமாக எரியும் அளவு கனமில்லாத பொருள்) இப்படித்தான் பிழைத்தது என்று கருதுகிறார்கள்.

ஆனால் எனக்கு எல்லாம் எடையில் வந்து நிற்கிறது. அந்தப் பழுப்புக் குறுமீன் வியாழனைப் போல 50 மடங்குக்கும் மேல் கனம், 116 நிமிடத்தில் ஒரு சுற்று, அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. கனமும் ஆழமும் கூடக்கூடத்தான் ஆற்றல் கிடைக்கும். நம்ம கோளின் எடை ஆறு வியாழனுக்குக் குறைவு என்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீடு 2025-இல் காட்டியது, நிற்கிற இடமும் ஆறேழு மடங்கு தள்ளி. போட்டுப் பார்த்தால் அதனிடமிருந்து கிடைத்திருக்கக்கூடிய ஆற்றல் பழுப்புக் குறுமீனிடம் கிடைத்ததில் 40, 50-இல் ஒரு பங்குதான் வருகிறது. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் மேலுறையைக் கழற்றி எறிந்தது என்றால் என்னால் ஏற்க முடியவில்லை. முன்னால் விழுந்த இன்னொரு கோள் உறையைத் தளர்த்தியிருந்தால் முடியும் என்கிறார்கள். சரி, முடியலாம், ஆனால் அதற்கு ஒரு கூடுதல் அதிர்ஷ்டம் வேண்டும்.

இரண்டாவது விளக்கத்தில் கோள் தொலைவிலேயே இருந்து தப்பிக்கிறது. நட்சத்திரம் எடை இழந்ததும் கோளின் பாதை விரிகிறது, விரிந்த பாதை வெளியிலிருந்து வரும் இழுவைக்குச் சீக்கிரம் வசப்படும். இழுப்பதற்கும் ஆள் இருக்கிறது: இந்த வெண் குறுமீனுக்கு இரண்டு செங்குறுமீன்கள், அதாவது சிறிய மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள், துணை. அவற்றின் ஈர்ப்பில் கோளின் வட்டப் பாதை மெல்ல மெல்ல நீண்டு ஒடுங்கிய நீள்வட்டமாகிறது, இதற்குக் கோசாய்–லிடோவ் விளைவு என்று பெயர். அப்புறம் ஒவ்வொரு முறை நட்சத்திரத்தை நெருங்கும்போதும் ஓத விசை (கோளின் அருகுப் பக்கத்தைத் தூரப் பக்கத்தைவிட அதிகமாக இழுக்கும் ஈர்ப்பு) கோளைப் பிசைந்து வேகத்தைத் தின்ன, பாதை சுருங்கிச் சிறு வட்டமாகிவிடுகிறது. நட்சத்திரம் வெண் குறுமீனாகிச் சுமார் 580 கோடி ஆண்டு ஆகிறது, அவகாசத்துக்குக் குறைவில்லை.

இதிலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அந்தத் துணை நட்சத்திரங்கள் பூமி–சூரியன் தூரத்தைப் போல ஏறக்குறைய 1,500 மடங்கு தள்ளி இருக்கின்றன, கோளின் பாதை அவற்றின் பாதைக்கு நன்றாகச் சாய்ந்து இருந்தால்தான் அவ்வளவு தூரத்து இழுவை எடுபடும். சாயவில்லை என்றால், உடன்பிறந்த கோள்கள் ஈர்ப்பால் ஒன்றையொன்று தள்ளியதில் இது உள்ளே வந்திருக்கலாம், மாணவியிடம் அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அப்போதும் பாதை நீண்டு, பிறகு சுருங்கியதுதான், தள்ளிவிட்டது மட்டும் வேறு கோள்.