சராசரிக்குச் சோதனையா, இடைவெளியா?

ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு முழுமைத் தொகுதியின் (மாதிரி எடுக்கப்பட்ட மொத்தக் கூட்டத்தின்) சராசரியைப் பற்றிப் பேச, அறிமுகப் புள்ளியியல் இரண்டு வழிகளைக் கற்றுத் தருகிறது. ஒன்று கருதுகோள் சோதனை: சராசரி இன்ன எண் என்ற அனுமானம் தரவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று நம்பிக்கை இடைவெளி: உண்மையான சராசரிக்கு ஓர் எண் வரம்பைத் தருவது. பாடத்தில் இவை அடுத்தடுத்த அத்தியாயங்களாக வருவதால், பலரும் இரண்டையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சூத்திரங்களாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். ஒரே தரவில் இரண்டையும் போட்டுப் பார்த்தால்தான் எது எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது பிடிபடும்.

ஓர் இயந்திரம் 500 மி.லி. புட்டிகளை நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 புட்டிகளை அளந்து பார்த்ததில் சராசரி 497.8 மி.லி., திட்டவிலக்கம் (அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 6 மி.லி. திட்டவிலக்கத்தை 25-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 1.2; மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு ஆடும் என்பதை அது சொல்கிறது.

முதலில் சோதனை. இன்மைக் கருதுகோள், அதாவது சோதிக்கப்படும் அனுமானம்: உண்மையான சராசரி 500. மாதிரிச் சராசரி அதிலிருந்து 2.2 குறைவு, அதைத் திட்டப்பிழையால் வகுத்தால் டி மதிப்பு −1.83. கூடுதல், குறைவு என இரு திசை விலகலையும் கணக்கில் எடுக்கும் இருபக்கச் சோதனையில் பி-மதிப்பு (உண்மையான சராசரி 500 என்றால் இவ்வளவாவது விலகிய மாதிரி கிடைக்கும் வாய்ப்பு) சுமார் 0.08. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே போகாததால், 5% அளவில் இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியாது.

அடுத்து இடைவெளி. புட்டிகள் 25 என்பதால், புள்ளியியல் புத்தகங்களில் இருக்கும் டி-பட்டியலில் ஒன்று குறைத்து 24-க்கான வரியைப் பார்க்க வேண்டும். 95 சதவீதத்துக்கு அங்கே இருக்கும் எண் 2.064. அதைத் திட்டப்பிழையால் பெருக்கினால் 2.48. ஆக இடைவெளி 495.3 முதல் 500.3 வரை.

இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: அதே சராசரி, அதே திட்டப்பிழை, அதே டி-பட்டியல். அந்தப் பட்டியலுக்கு அடித்தளம் போட்டது, கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட கட்டுரை. 500 என்பது இடைவெளிக்குள் இருக்கிறது, சோதனையும் 500-ஐ நிராகரிக்கவில்லை. இது தற்செயல் கிடையாது. 499-ஐச் சோதித்தாலும் நிராகரிக்க முடியாது, 496-ஐச் சோதித்தாலும் முடியாது; 495 என்றால் நிராகரித்துவிடலாம். இப்படி ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து, தப்பிப் பிழைத்தவற்றை எல்லாம் சேர்த்தால் கிடைப்பதுதான் நம்பிக்கை இடைவெளி. சோதனை ஒரே ஓர் எண்ணைப் பற்றிக் கேட்கிறது. இடைவெளி எல்லா எண்களையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறது.

சரி, அப்படியானால் இரண்டில் எதைப் போட்டாலும் ஒன்றுதானே? இல்லை. இரண்டாவது இயந்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் 2,500 புட்டிகளை அளந்தார்கள்: சராசரி 499.7, திட்டவிலக்கம் அதே 6. திட்டப்பிழை 0.12-ஆகச் சுருங்குகிறது. டி மதிப்பு −2.5, பி-மதிப்பு ஏறத்தாழ 0.012. இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. இடைவெளி 499.46 முதல் 499.94 வரை.

சோதனை முடிவுகளை மட்டும் கையில் வைத்திருப்பவர் என்ன நினைப்பார்? முதல் இயந்திரத்தில் குறையில்லை, இரண்டாவதில் கோளாறு இருக்கிறது என்றுதான். இடைவெளிகளைப் படிப்பவருக்கோ படம் தலைகீழாகத் தெரியும். முதல் இயந்திரம் சராசரியாக 4.7 மி.லி. வரை குறைவாக நிரப்பிக்கொண்டிருக்கலாம். இரண்டாவதில் குறைவு ஏறக்குறைய அரை மி.லி.யைத் தாண்டாது. 3 மி.லி. குறைந்தால்தான் பிரச்சினை என்றால், போய்ப் பார்க்க வேண்டியது முதல் இயந்திரத்தை. மாதிரி பெரிதானால் அற்ப வித்தியாசமும் ‘குறிப்பிடத்தக்கது’ ஆகிவிடும். மாதிரி சிறிதானால் பெரிய வித்தியாசமும் கண்ணில் படாமல் போகும். பி-மதிப்பு இந்த இரண்டு சங்கதிகளையும் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறது. இடைவெளியில் அவை பிரிந்து தெரிகின்றன: நடு எண் வித்தியாசத்தின் அளவைச் சொல்கிறது, அகலம் நமக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்கிறது. சராசரிக்கு ஏதாவது ஒன்றுதான் எழுத இடம் இருக்கிறது என்றால், தயங்காமல் இடைவெளியை எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். முதல் இயந்திரத்துக்கே, ‘குறைவாக நிரப்புகிறதா’ என்று ஒருபக்கச் சோதனை போட்டால் பி-மதிப்பு பாதியாகி 0.04 ஆகிறது; 500 நிராகரிக்கப்படுகிறது. ஆனால் 95% இடைவெளிக்குள் 500 இருக்கிறதே! முரண்பாடு எதுவும் இல்லை. 5% இருபக்கச் சோதனைக்குத்தான் 95% இருபக்க இடைவெளி ஜோடி. ஒருபக்கச் சோதனையோடு ஒருபக்க எல்லையைத்தான் சேர்க்க வேண்டும்: 497.8-உடன் 1.711 × 1.2-ஐக் கூட்டினால் மேல் எல்லை 499.85, 500 வெளியே போய்விடுகிறது. எந்தப் பக்கம் பார்க்கப் போகிறோம் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். பார்த்த பிறகு பக்கம் மாறுவது நேர்மையான கணக்கு ஆகாது.

தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதில் இரண்டும் சளைத்தவை அல்ல. பி-மதிப்பு 0.08 என்றால் ‘இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 8% வாய்ப்பு’ என்று எழுதுகிறார்கள், அது தவறு. உண்மையான சராசரி 500 ஆகவே இருந்தால், இவ்வளவு அல்லது இதைவிட விலகிய மாதிரி கிடைக்க 8% வாய்ப்பு என்பதுதான் சரி. அதே மாதிரி, ‘உண்மைச் சராசரி 495.3-க்கும் 500.3-க்கும் இடையில் இருக்க 95% வாய்ப்பு’ என்பதும் பிழை. இதே முறையில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளில் 95% உண்மைச் சராசரியைப் பிடித்துவைத்திருக்கும். அந்த 95% முறைக்குச் சொந்தம். ஆனாலும் இந்த இரண்டு தவறுகளும் ஒரே அளவு ஆபத்தானவை என்று நான் நினைக்கவில்லை. இடைவெளியைத் தவறாக விளக்கியவர்கூட 4.7 மி.லி. குறையலாம் என்பதைக் கண்ணால் பார்த்துவிடுகிறார். பி-மதிப்பைத் தவறாக விளக்கியவருக்கு அந்த எண்ணே தெரியாது.

இடைவெளி வழுக்கிவிடும் இடமும் உண்டு. இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும்போது, இரண்டு இடைவெளிகளை வரைந்து, ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் வித்தியாசம் இல்லை என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான பழக்கம். பெரிய மாதிரிகள் இரண்டு: சராசரி 50, 53.3, இரண்டுக்கும் திட்டப்பிழை 1. இடைவெளிகள் 48.0 முதல் 52.0, 51.3 முதல் 55.3. படிகின்றன. ஆனால் வித்தியாசத்தின் திட்டப்பிழை 2 ஆகாது; இரண்டு திட்டப்பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.41 தான், 3.3-ஐ அதனால் வகுத்தால் 2.33, பி-மதிப்பு சுமார் 0.02. வித்தியாசம் இருக்கிறது! கேள்வி வித்தியாசத்தைப் பற்றியது என்றால் வித்தியாசத்துக்கே இடைவெளி போட வேண்டும்: 0.5 முதல் 6.1 வரை. அதில் பூஜ்யம் இல்லை.

சோதனை நிஜமாகவே முந்துவது, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்கள் வரும்போது. ஐந்து குழுக்கள் என்றால் பத்து ஜோடிகள், பத்து இடைவெளிகள், அப்புறம் பத்தில் ஏதாவது ஒன்று தவறிப்போகும் வாய்ப்பு கூடுவதால் ஒவ்வொன்றையும் அகலப்படுத்த வேண்டிய வேலை. ‘எல்லாச் சராசரிகளும் சமமா’ என்ற ஒரே கேள்விக்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு ஒரே சோதனையில் பதில் தருகிறது. இந்தச் சரக்கை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று விதி முன்பே எழுதிவைத்த இடங்களிலும் சோதனைதான் பொருத்தம். புள்ளியியலாளர்களான நெய்மனும் பியர்சனும் 1933-இல் சோதனைக் கோட்பாட்டை இப்படிப்பட்ட முடிவெடுக்கும் விதியாகத்தான் வகுத்தார்கள். அதே நெய்மன் 1937-இல் நம்பிக்கை இடைவெளியின் கோட்பாட்டை எழுதினார்.

அளவுகோலே 2 மி.லி. தவறாகக் காட்டினால் இரண்டு முறையாலும் காப்பாற்ற முடியாது. எத்தனை புட்டி அளப்பது என்று திட்டமிடும்போதும் வழிகள் பிரிகின்றன. திட்டவிலக்கம் அதே 6 என்றால், 2 மி.லி. குறைவை 80% வாய்ப்போடு 5% இருபக்கச் சோதனையில் கண்டுபிடிக்க சுமார் 71 புட்டிகள் வேண்டும். சராசரியின் 95% இடைவெளி ±1 மி.லி.க்குள் இருக்க வேண்டும் என்றால் 139. முதல் கணக்கை நம்பி 71-இல் நிறுத்தினால் கிடைக்கும் இடைவெளி ஏறத்தாழ ±1.4 மி.லி.; அது போதுமா என்பதைப் புட்டிகளைத் தொடும் முன்பே கேட்டுவிடுங்கள்.