ஓடும் ரயிலில் தபால் பை பிடிக்கும் மாடல்கள்: எது நிஜத்துக்கு நெருக்கம்?

என் ஓட்டு அமெரிக்கன் ஃப்ளையர் பொம்மை ரயிலுக்கு. காரணம் சொல்ல, நிஜப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் 1864இல் நிலையான சேவையாகத் தொடங்கி 1977 வரை ஓடியவை ரயில் தபால் பெட்டிகள், அதாவது தபால் வேலைக்கென்றே ரயிலில் கோத்த பெட்டிகள். நம் ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) போலவே ஓடும் ரயிலுக்குள் கடிதம் பிரிப்பார்கள். ரயில் நிற்காத சிற்றூர்களில் தண்டவாளத்தை ஒட்டிய கம்பத்தில் பையை நெட்டுக்குத்தாக மாட்டி வைப்பார்கள். அதன் இடுப்பில் பட்டை இறுகியிருக்கும். கடிதங்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து கிடக்கும். பெட்டிக்குள் இருக்கும் ஊழியர் கதவருகே உள்ள கொக்கியைச் சரியான நொடியில் வெளியே நீட்ட வேண்டும். முந்தினால் கொக்கி வேறு எதிலாவது மோதும், பிந்தினால் பை கம்பத்திலேயே நிற்கும். அந்த ஊருக்கான பையையும் அவரே வெளியே தள்ளிவிட வேண்டும். இருட்டில் இதைச் செய்ய, வழியில் வரும் பாலத்தையும் வளைவையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆக, இந்த வேலையின் உயிர் நேரக் கணிப்பில்தான் இருக்கிறது.

ஏ. சி. கில்பர்ட் நிறுவனம் எஸ் கேஜ் என்ற மாடல் ரயில் அளவில் விட்ட அமெரிக்கன் ஃப்ளையர் 718 அதைப் புரிந்துகொண்ட பொம்மை. பட்டனை அழுத்தினால் பெட்டியிலிருந்து கொக்கி வெளியே வரும். பாதையோரக் கம்பத்தில் தொங்கும் பையைப் பிடிக்கும். ரயிலின் வேகத்தைக் கண்ணால் அளந்து அழுத்துவது நம் விரல். அந்த ஊழியரின் வேலை அப்படியே நம் கைக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு அமெரிக்கப் பொம்மைப் பெட்டியான லயனல் 3428 பார்வைக்கு இதைவிட அழகு: சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள், கதவைத் திறந்து பையை வெளியே எறியும் குட்டி மனிதன். ஆனால் எறிய மட்டுமே தெரியும், பிடிக்கத் தெரியாது. பாதி வேலைதான்.

பிரிட்டனில் நிஜ முறையே வேறு. பெட்டியின் பக்கவாட்டில் வலை விரியும். கொடுக்க வேண்டிய தோல் பை வெளியே நீளும் கையில் தொங்கும். தரையோர வலை அதை வாங்கிக்கொள்ளும். கடைசிப் பரிமாற்றம் நடந்தது 1971இல். பிரிட்டிஷ் பொம்மை ரயில்களான ஹார்ன்பி டப்லோ, ட்ரை-ஆங் இரண்டின் செட்களும் எடுப்பது, கொடுப்பது என்ற இரண்டையும் செய்தன. டப்லோவை இயக்குவது மின்சாரம். ட்ரை-ஆங்கில் பாதையோடு வைக்கும் சரிவுதான் பெட்டியின் பொறியைத் தள்ளுகிறது. குழந்தைகளோடு ஓட்டுபவர்களுக்கு ட்ரை-ஆங்கைத்தான் சொல்வேன். வயர் இழுக்க வேண்டாம், எங்கே சிக்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். நேரக் கணிப்பைச் சரிவே பார்த்துக்கொள்கிறது என்பதுதான் என் குறை.

எச்ஓ ஸ்கேலில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவு) பெரும்பாலோர் வைப்பது அசையாத கொக்கி. இங்கே போட்டி பிளாஸ்டிக் வார்ப்புக்கும் வளைத்த கம்பிக்கும். 1:87 கணக்கில் 0.4 மி.மீ. கம்பி 35 மி.மீ. இரும்புத் தண்டாகத் தெரியும். அது நம்பும்படி இருக்கிறது. 0.8 மி.மீ. பிளாஸ்டிக்கோ 70 மி.மீ. உத்தரம் போல் துருத்தும், கைபட்டால் ஒடியும். பித்தளைக் கம்பியை வளைத்துப் பற்றவைப்பதே மேல். கொக்கியை நீட்டிய நிலையில் ஒட்டாதீர்கள். பை பிடிக்கும் அந்தச் சில நொடிகள் தவிர அது மடங்கியேதான் இருக்கும். நீட்டி ஒட்டினால் சுரங்க வாயிலிலும் சிக்னல் கம்பத்திலும் தட்டும். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் ஆர்வலர் சங்கம்) அளவுகோலை வைத்து இடைவெளி பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

பாதையோரக் கம்பத்தையும் அந்த ரயில் நிற்கும் நிலையத்தில் நட வேண்டாம். நிற்கிற ஊரில் பையைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள்.