‘ஒன் பில்லியன் மார்க்’ என்று போட்டிருந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள்

1923-ஆம் வருட ஜெர்மன் மார்க் பண நோட்டு சேர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். ஐந்தாறு யூரோவுக்குக் கிடைக்கிற நோட்டுக்கு நான் 140 யூரோ அழுதேன்.

இணையத்தில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார். ‘ஒன் பில்லியன் மார்க், 1923, புழங்காதது’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. படத்தில் ஏழெட்டு நோட்டுகள் விசிறி மாதிரி விரிந்து கிடந்தன, எது அந்த நோட்டு என்றே தெரியாது. ஜெர்மனில் பில்லியோன் என்றால் லட்சம் கோடி. 1923 நவம்பர் தேதியிட்ட ‘ஐனே பில்லியோன்’ லேசில் கிடைக்காது, பல நூறு யூரோ ஆகும். அதைத்தான் 140-க்குத் தருகிறார், விற்பவருக்கு விவரம் போதவில்லை என்று நினைத்து, அவசரமாகப் பணத்தைக் கட்டினேன். விவரம் போதாதவன் யார் என்பது பார்சலைப் பிரித்ததும் தெரிந்தது.

வந்தது ‘ஐனே மில்லியார்டே’, அதாவது நூறு கோடி. ஆங்கிலத்தில் பில்லியன் என்பது இதைத்தான். 1922 டிசம்பர் 15 தேதி போட்ட 1000 மார்க் நோட்டின் மேல், மறு வருடம் சிவப்பு மையில் குறுக்கே புது மதிப்பை அடித்து ஜெர்மன் மத்திய வங்கியான ரைஷ்ஸ்பாங்க் வெளியிட்டது. விலைவாசி ஓடிய ஓட்டத்தில் ஆயிரம் ஒரே அடியில் நூறு கோடியானது! ஏராளமாக அடித்ததால் இன்றும் மலிவு. அந்த நவம்பரில் லட்சம் கோடி மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க் (புதிதாக வந்த பணம்) என்று ஆனபோது, இந்த நோட்டுக்கு ஒரு ஃபெனிக்கில் (ரென்டன்மார்க்கில் நூறில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு.

‘புழங்காதது’ என்பதும் பொய். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் நடுவில் மடிப்பின் தடம் தெரிகிறது. நனைத்து அழுத்தியிருப்பார்கள் போல, காகிதத்தில் மொரமொரப்பே இல்லை.

கேட்டதற்கு, “நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆங்கிலக் கணக்குப்படி சரிதானே?” என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? மடிப்புக்காக 20 யூரோ திருப்பித் தந்தார். அவ்வளவுதான்.

வாங்கும் முன் அந்த ஒரு நோட்டை மட்டும் முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மதிப்பை நோட்டில் உள்ள ஜெர்மன் எழுத்திலேயே வாசியுங்கள், அச்சிட்ட தேதியையும் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டால் மடிப்பும் தெரிந்துவிடும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

நேற்றுப் பார்த்தேன். அதே விசிறிப் படம், அதே வரி, மறுபடி ஏறியிருக்கிறது. விலை இப்போது 160.