45 வயசுக்கு மேல வாக்கிங்கா, சிலம்பமா?

ரெண்டும் பண்ணிப் பாத்துட்டுதான் சொல்றேன். வாக்கிங் ஈஸி, நல்ல ஷூ ஒண்ணு போதும், யார்கிட்டயும் போய் கத்துக்க வேணாம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்புக்கு வேலை குடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அரை மணி நேரம் வேகமா அஞ்சு நாள் நடந்தாலே அது முடிஞ்சுடும். ஆனா தசை வலுவுக்கு வாரத்துல ரெண்டு நாள் தனியா பண்ணணும்னும் அவங்களே சொல்றாங்க, அதத்தான் நம்மள்ல நிறைய பேர் விட்டுடறோம்.

சிலம்பத்துல அந்த குறை கொஞ்சம் தீருது. எங்க ஆசான் ஒரு மாசம் கம்பையே தரல, வெறும் காலடிதான், முட்டிய மடக்கி தாழ நின்னு முன்ன பின்ன மாத்தி வைக்கறப்ப தொடை நடுங்கும். அப்புறம் நெத்தி உயரத்துக்கு ஒரு பிரம்பு குடுத்தாரு. அத சுத்தறப்ப மணிக்கட்டு, தோள், இடுப்பு எல்லாம் சேந்து திரும்பும், சரியா வந்தா காத்துல விர்ர்னு ஒரு சத்தம் வரும், எனக்கு மொத தடவ அது வந்தப்ப பக்கத்துல நின்ன எட்டு வயசு பொண்ணு "அங்கிள், வந்துருச்சு!"ன்னு குதிச்சா பாருங்க, அன்னைக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரல. வாக்கிங்ல எனக்கு இது ஒரு நாளும் கிடைச்சதில்ல.

தோள் வலி இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. நான் இப்ப ரெண்டு நாள் சிலம்பம், மத்த நாள் நடை, மழை பேஞ்சா மொட்டை மாடி ஷெட்லயே காலடி.