பழைய காரில் வொஷர் தண்ணீர் ஒழுகினால் எந்தச் சோதனை முதலில்?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, 2025 தொடக்கத்தில்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்குத் திரும்பவும் திறந்தது. அதுவரை யாழ்ப்பாணத்தில் இருந்த காரைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டினோம். இன்றும் சன்னி, கொரோலா, லான்சர் எல்லாம் இருபது முப்பது வயதைத் தாண்டி ஓடுகின்றன. அந்த வயதுக் கார்களில் கண்ணாடி கழுவும் தண்ணீர், அதாவது வொஷர் தண்ணீர், ஒழுகுவது சாதாரணம். அதைப் பலர் கவனியாமல் விடுவதுதான் எனக்குக் கவலை. சோளகக் காற்றுக்குச் செம்மண் தூசி கண்ணாடியில் படிந்திருக்கும். தண்ணீர் வராமல் வைப்பர் மட்டும் ஓடினால் அந்தத் தூசியே கண்ணாடியைக் கீறும். இரவில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் பட்டால் அந்தக் கீறெல்லாம் பளிச்சிட்டு ரோட்டையே மறைத்துவிடும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க நான்கு வழிகள் புழக்கத்தில் உண்டு: தண்ணீரைப் பீச்சும் மோட்டரை மாற்றிப் பார்ப்பது, தண்ணீர் நிற்கும் தாங்கியை இரவு முழுக்க விட்டு மட்டம் பார்ப்பது, தண்ணீரில் நிறம் கலப்பது, தாங்கியைக் கழற்றிச் சோதிப்பது. அதற்கு முன், கீழே சொட்டுவது வொஷர் தண்ணீர்தானா என்று பாருங்கள். ஏசி போட்டு ஓடிய கார் நம் வெயிலுக்கு நன்றாகவே தண்ணீர் விடும். அது வெறும் தண்ணீர், பெரும்பாலும் சாரதிக்குப் பக்கத்து முன் இருக்கைக்காரரின் கால் பக்கத்துக்கு நேர்கீழே சொட்டும். வொஷர் தண்ணீரில் ஷாம்பு கலந்திருந்தால் இரண்டு விரலில் தேய்த்ததும் வழுக்கும், நுரைக்கும். நிறமும் பிசுபிசுப்பும் இருந்தால் அது ரேடியேற்றர் தண்ணீர். அதை உடனே பார்க்க வேண்டும்.

மோட்டரை மாற்றும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கராச்சில் பெரும்பாலும் முதலில் சொல்வது அதைத்தான். மோட்டர் உண்மையிலேயே வெடித்திருந்தால் வேலை ஒரே நாளில் முடியும். இல்லாவிட்டால் புது மோட்டருக்குப் பக்கத்திலேயே பழைய ஒழுக்கு தொடரும். மோட்டர் தாங்கியின் அடியில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் இறுகி நிற்கிறது. எஞ்சின் சூட்டில் அந்த ரப்பர் கல்லாகிச் சுருங்குவதுதான் நான் அதிகம் கண்ட காரணம். வெளிநாட்டுக் குறிப்புகளில் தண்ணீர் உறைந்து தாங்கி வெடிப்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். நமக்கு அந்தக் கதை பொருந்தாது. இங்கே சூடுதான் எதிரி.

என் தெரிவு மட்டம் பார்க்கும் சோதனை. செலவே இல்லை, சொல்லும் விஷயமோ அதிகம். பின்னேரம் தாங்கியை வாய்வரை நிரப்பி, காரைச் சமதரையில் விட்டு, கீழே காய்ந்த காட்போட் மட்டையோ பழைய பேப்பரோ விரியுங்கள். வொஷரை அடிக்கும் லிவரைத் தொடவே வேண்டாம். காலையில் மட்டத்தைப் பாருங்கள். தாங்கி பம்பருக்குப் பின்னால் ஒளிந்து கழுத்து மட்டும் தெரிகிற கார்களில் ஒரு தென்னை ஈர்க்கை உள்ளே விட்டு, ஈரம் எதுவரை ஏறுகிறது என்று அளக்கலாம். தண்ணீர் அடியோடு வடிந்திருந்தால் ஒழுகுவது ரப்பர் வளையம், மோட்டரின் உடல், தாங்கியின் அடிப்பக்கம் அல்லது மோட்டரிலிருந்து கிளம்பும் ரியூப். பாதிவரை இறங்கி, பிறகும் இறங்காமல் நின்றுவிட்டால் வெடிப்பு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. தாங்கியின் இரு பாதிகளும் ஒட்டும் விளிம்பை முதலில் தடவிப் பாருங்கள். மட்டம் அப்படியே இருந்தால் தாங்கி சுகம். லிவரை இழுக்கும்போது மட்டும் எங்கோ போகிறது.

அந்த நிலையில் இன்னொருவர் தேவை. மோட்டரிலிருந்து கண்ணாடிப் பக்கம் தண்ணீர் கொண்டுபோகும் ரியூப் முழுவதையும் துணியால் துடைத்து, இணைப்புகளில் முகப்பவுடர் தூவுங்கள். ஒருவர் உள்ளே இருந்து லிவரைச் சில விநாடிகள் இழுக்க, மற்றவர் பொனற்றைத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு விழுகிற இடம் கண்ணுக்குத் தப்பாது. பொனற் மடியும் மூலையும், தண்ணீர் இரண்டாகப் பிரியும் ‘ரீ’ இணைப்பும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். தாங்கி காலியாக இருக்கும்போது மட்டும் லிவரை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் மோட்டரின் உள் ரப்பர் தேய்ந்துவிடும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வரும் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும். சவர்க்காரம் கரைத்து ஊற்றினால் அழுக்குக் கட்டியும் சேரும். பீச்சும் துளை அடைபட்டால் அழுத்தம் பின்னுக்குத் திரும்பி, வயது போன ரியூப்பை இணைப்பிலிருந்து கழற்றிவிடும். ரியூப்பைத் திரும்பச் செருகிவிட்டு வந்தால் அடுத்த கிழமை மீண்டும் கழரும். துளையைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் குத்தினால்தான் நிற்கும். ஊற்றுவதற்கு மழைத்தண்ணீர் அல்லது ஏசியில் வடியும் தண்ணீர் நல்லது.

நிறம் கலக்கும் வழி இவ்வளவுக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு இடத்தில் மற்ற எல்லாவற்றையும் அதுதான் வெல்லும்: பின் கண்ணாடிக்கும் வொஷர் உள்ள கார்கள். பின்னுக்குப் போகும் ரியூப் காருக்குள்ளால் ஓடி, பின் கதவு மடிகிற இடத்தில் ஒரு ரப்பர் குழாய்க்குள் நுழைகிறது. அங்கே அறுந்தால் கார்ப்பெற் நனையும். மாரியில் அது மழைத்தண்ணீரா, வொஷர் தண்ணீரா என்று பார்வைக்குத் தெரியாது. கேக்குக்குப் போடும் கலரிங் சில துளி விட்டு, பின் வொஷரை அடித்து, ஈரமான இடத்தில் வெள்ளைத் துணியை அழுத்தினால் விடை கிடைக்கும். மை கலக்க வேண்டாம், கறை போகாது.

தாங்கியைக் கழற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். ஓட்டைகளை அடைத்து, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, வாயால் காற்று ஊதினால் வெடிப்பிலிருந்து குமிழி வரும். இதைவிடத் துல்லியமான சோதனை இல்லை. ஆனால் பம்பரைக் கழற்றும்போது பழைய பிளாஸ்ரிக் கிளிப்புகள் உடையும். மட்டச் சோதனை தாங்கியைக் காட்டிக் கொடுத்தால் மட்டும் அதில் கைவையுங்கள்.

திருத்துவதிலும் தெரிவுகள் உண்டு. ரப்பர் வளையம் போனால் புதிதாகவே போடுங்கள். சிலிக்கன் பசை அந்தப் பிளாஸ்ரிக்கில் சரியாகப் பிடிக்காது. தாங்கியின் பிளாஸ்ரிக்கில் சாதாரணப் பசை ஒட்டாது என்பதால், சின்ன வெடிப்பை அதே வகைப் பிளாஸ்ரிக்கை உருக்கி அடைப்பதுதான் வழி. ரியூப்புக்கு மீன்தொட்டிக் குழாயைப் பலர் போடுகிறார்கள். அளவு பொருந்தும், விலையும் குறைவு. ஆனால் எஞ்சின் சூட்டில் இறுகிவிடும், வெளிச்சம் பட்டால் உள்ளே பாசியும் பிடிக்கும். கறுப்பு ரப்பர் ரியூப்தான் தாக்குப்பிடிக்கும். தாங்கி, மோட்டர், வளையம் எல்லாம் சேர்ந்த பழைய செற்றை, கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுப்பிக்கலாம். தாங்கியே உடைந்திருந்தால் அது நல்ல வழி, ஆனால் அதிலுள்ள வளையமும் உங்கள் காரின் வளையத்தின் வயதுதான். பூட்டும் முன் அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுங்கள். கடைக்குப் போகும்போது பழைய வளையத்தையும் மோட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். காரின் பெயரை மட்டும் சொன்னால் துளையின் விட்டம் மாறிப்போகும்.