முடிவெடுப்பது யார்: தலைமையகமா, நாட்டுக் கிளையா?

பல நாடுகளில் தொழில் நடத்தும் நிறுவனத்துக்கு இரண்டு வழிகள். எல்லாவற்றையும் தலைமையகமே தீர்மானிக்கலாம். அல்லது அந்தந்த நாட்டுக் கிளையிடமே விட்டுவிடலாம். இதை ஒப்பிட பிலிப்ஸ், மட்சுஷிடா (இன்றைய பானசோனிக்) என்ற மின்னணுப் பொருள் நிறுவனங்கள் இரண்டையும்விடத் தெளிவான ஜோடியை நான் பார்த்ததில்லை.

நெதர்லாந்தின் பிலிப்ஸில் கிளைகளின் கையே ஓங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் தலைமையகத்தோடு தொடர்பு அறுந்தபோது தனித்து இயங்கிப் பழகியவை அவை. வாடிக்கையாளரின் தேவை அவற்றுக்கு உடனே புரிந்தது. பிலிப்ஸின் முதல் கலர் டிவி கனடாக் கிளையிலும், முதல் ஸ்டீரியோ டிவி ஆஸ்திரேலியக் கிளையிலும் பிறந்தன. ஆனால் அதே சுதந்திரம் காலையும் வாரியது. 1979-இல் பிலிப்ஸ் வி2000 வீடியோ ரெக்கார்டரைக் கொண்டுவந்தபோது, அதன் வட அமெரிக்கக் கிளையே அதை விற்க மறுத்தது. மட்சுஷிடா தயாரித்த, வி2000-க்குப் போட்டியான விஎச்எஸ் முறைக் கருவிகளை வாங்கித் தன் பெயரில் விற்றது! சொந்த வீடே கைவிட்ட பொருள் வெளியில் எப்படி நிற்கும்?

மட்சுஷிடாவில் வடிவமைப்பும் உற்பத்தியும் பெரும்பாலும் ஜப்பானில்; வெளிநாட்டுக் கிளைகளின் முக்கிய வேலை விற்பனை. பெருமளவு உற்பத்தியால் செலவு குறைந்தது, முடிவுகள் விரைந்தன. 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியபோதுதான் சிக்கல்: ஏற்றுமதி கட்டுப்படியாகவில்லை, சுயமாகப் புதியது படைக்கும் பழக்கமோ கிளைகளுக்கு இல்லை.

என்னைக் கேட்டால், தொழில்நுட்பத் தரநிலை (எந்த வீடியோ முறை என்பது போல) போன்றவற்றைத் தலைமையகத்திடமும், விலை, விளம்பரம், சேவையைக் கிளையிடமும் வைப்பேன். தரநிலையில் ஒரே ஒரு பெரிய கிளை முரண்டு பிடித்தாலும் மொத்த முதலீடும் வீண்.