ஊசி வால்வும் தீவுப்பகுதி வீதியும்

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலையில்கூடப் பெயரில் மட்டும்தான் மலை. டென்மார்க்கில் நான் இருக்கும் ஹேர்னிங் பக்கமும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால் ஓகஸ்டில் ஊருக்குப் போகும்போது என் றேசிங் சைக்கிளையும் கழற்றிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனேன். "நல்லூர்த் திருவிழாவுக்குப் போறமோ, சைக்கிள் ஓட்டப் போறமோ?" என்று மனைவி கேட்டாள். இரண்டுக்கும்தான் என்றேன். அவள் நம்பவில்லை.

விமானத்தில் பெட்டி சிக்கலில்லாமல் வந்தது. 23 கிலோவுக்குள் கட்டியிருந்தேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவு பஸ்காரர் பெட்டியைப் பார்த்து முதலில் தலையை ஆட்டினார், பிறகு ஓர் ஆளுக்கான ரிக்கெற் காசை வாங்கிக்கொண்டு அடித்தட்டில் தள்ளினார். விடிய மாமி வீட்டு விறாந்தையில் வைத்துச் சைக்கிளைத் திரும்பப் பொருத்தினேன். பின் கியர் தொங்கும் கொழுவி கொஞ்சம் வளைந்திருந்தது. கண் மட்டத்துக்கு நிமிர்த்தியதில் ஒரு கியரைத் தவிர மற்றதெல்லாம் வேலை செய்தன.

சைக்கிள் கொண்டுவராதவர்களுக்கும் வழி உண்டு. நகரத்தில் தங்குமிடங்கள் சிலவற்றில் வாடகைக்குத் தருகிறார்கள். ஊர்ச் சைக்கிள்தான், கியர் இல்லை. எடுக்க முன் பிரேக்கையும் சீற்றையும் பாருங்கள். என் மச்சான் எடுத்ததில் சீற் கம்பு துருப்பிடித்து இறுகிவிட்டதால், ஆறடி மனிசன் நாள் முழுக்கக் குந்தியிருந்து மிதித்தான்.

இனி வீதி. முதல் நாள் காலை ஐந்தரைக்கே வெளிக்கிட்டேன். கோட்டையைத் தாண்டி, தீவுகளுக்குப் போகக் கடலுக்குக் குறுக்கே போட்ட பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இரண்டு பக்கமும் பரவைக்கடல். கரையிலிருந்து வெகு தூரத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்ச் சிறகுவலை பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு ஆழமில்லாத கடல். றோட்டு தண்ணீருக்குச் சற்று மேலே வாய்க்கால் வரம்பு மாதிரிப் போகிறது. தார் நல்ல தார். ஆனால் மரம் இல்லை, மதில் இல்லை, ஒதுங்க ஒரு கொட்டில் இல்லை.

அங்கேதான் சோளகம் பிடித்தது. பதினேழு வயதில் ஊரை விட்டவனுக்கு அந்தக் காற்றின் பெயர் ஞாபகம் இருந்தது, பலம் மறந்துபோயிருந்தது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. பண்ணைத் தாம்போதியும் தென்மேற்கைப் பார்த்துத்தான் போகிறது. மட்டமான றோட்டில், மலை ஏறும் கியரில், மணிக்குப் பதினாறு கிலோமீற்றர். பின்னால் மீன்பெட்டி கட்டிய ஒரு லுமாலாச் சைக்கிள் என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவருக்கு அறுபது வயதாவது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, ஹாண்டில் மேல் குனிந்து, அவசரமில்லாமல் மிதித்தார். அவருடைய பின்சில்லை ஒட்டிக்கொண்டு மண்டைதீவுச் சந்தி வரை போனேன். காற்று மறைப்பு இலவசம்.

காற்று எப்படி என்று தெரிந்துகொண்டால் சுற்று தானாகவே அமைந்துவிடும். சோளகக் காலத்தில் வேலணை வரை பாடுபட்டுவிட்டால், அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குக் காற்று பக்கவாட்டில் வரும். கடலைக் கடந்து காரைநகர் போனால் பொன்னாலைப் பாலத்தில் முதுகில் கை வைத்துத் தள்ளும். அதற்குப் பிறகு அராலி, கல்லுண்டாய் வெளி வழியாகத் திரும்பவும் பரவைக்கடலோரமாக நகரம். வடகிழக்குக் காற்று அடிக்கும் வாடைக் காலத்தில் போகிறவர்கள் இதே சுற்றைக் காரைநகரிலிருந்து மறுபக்கமாகப் போடலாம். எந்தக் காலமானாலும் பத்து மணிக்கு முன் தாம்போதிகளைத் தாண்டிவிட வேண்டும். வெயிலும் காற்றும் அதற்குப் பிறகு கூட்டுச் சேர்ந்துவிடும்.

ஊர்காவற்றுறையில் றோட்டு கடலுக்குள் இறங்கி முடிகிறது. அங்கிருந்து பாதை. வெளியூர்த் தமிழருக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பேச்சில் வாகனங்களை ஏற்றிக் கடலைக் கடக்கிற மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். நேரம் எழுதிய பலகை இருந்தது. பலகைக்கும் பாதைக்கும் அன்று அவ்வளவு உறவில்லை. நாற்பது நிமிடம் நின்றேன். ஏறிய பிறகு பத்து நிமிடம்கூட இல்லை, காசும் கேட்கவில்லை. நடுக்கடலில் கடற்கோட்டை தெரிந்தது. ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர் ஹம்மன்ஹீல். இலங்கையைப் பன்றித் தொடை மாதிரிக் கண்டு, இந்த இடத்தை அதன் குதிக்கால் என்றார்களாம். பசியோடு படம் வரைந்திருப்பார்கள்.

பொன்னாலைப் பாலத்தில் நான் 38 கிலோமீற்றர் வேகம் தொட்டேன். சோளகத்தின் தயவு, என் கால்களுக்கு அதில் பங்கில்லை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் சங்கிலியை நல்ல தண்ணியில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டேன். ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், அடுத்த காலை செம்மண் நிறத்தில் இருந்தது. உப்புக்காற்று அப்படி.

மூன்றாம் நாள் புங்குடுதீவுப் பக்கம். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியில் முன்சில்லுக் காற்றுப் போனது. உடைமரத்து முள். கையிலிருந்த ஒரேயொரு புது ரியூபை மாற்றி, உள்ளங்கை நீள பம்மால் பாதிக் காற்று அடித்துக்கொண்டு திரும்பினேன். தாம்போதி முடிந்து கொஞ்சத் தூரத்தில் அதுவும் போனது. அந்த வழியாக லான்ட்மாஸ்டரில், அதாவது இருசில்லு உழவு இயந்திரத்தில், வைக்கோல் ஏற்றி வந்த பெடியன், நான் கை காட்ட முன்னமே நிறுத்தினான். "ஏறுங்கோ அண்ணை, சைக்கிளை வைக்கோலுக்கு மேல போடுங்கோ."

முதலில் பெற்றோல் செட்டில் இறக்கினான். காற்றடிக்கும் மெசின் புத்தம் புதிது, ஆனால் மோட்டார்ச் சைக்கிள் வால்வுக்குத்தான் பொருந்தும். என்னுடையது ஒல்லியான ஊசி வால்வு. இரண்டுக்கும் நடுவில் போடும் கட்டைவிரல் நகமளவு பித்தளைத் துண்டு ஹேர்னிங்கில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

அடுத்தது தகரக் கூரை போட்ட ஒரு சைக்கிள் கடை. ஐயாவுக்கு எழுபது இருக்கும். ரியூபை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, குழந்தைப்பிள்ளையின்ர குடல் மாதிரி?"

புது ரியூப் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, 28 அங்குலம். என்னுடைய சில்லையும் சிலர் 28 என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஊர்ச் சைக்கிளின் றிம் குறுக்களவு 635 மில்லிமீற்றர், என்னுடையது 622. அகலமும் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் வால்வின் தண்டு என் றிம்மின் துளைக்குள் போகாது. ஐயா துளையைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த துறப்பணத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "வேண்டாம், ஒட்டுவம்."

பழைய பேசினில் தண்ணி. ரியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டு போனார். குமிழி வந்த இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. ஆணியால் துளையிட்ட தகரத் துண்டால் தேய்த்தார், சொலூசன் பூசினார், உடனே ஒட்டாமல் வாயால் ஊதிக்கொண்டு காத்திருந்தார். இந்த இடத்தில்தான் நான் எப்போதும் அவசரப்பட்டுக் கெடுப்பேன். பழைய ரியூபில் வட்டமாக வெட்டிய துண்டை வைத்துச் சுத்தியல் பிடியால் உருட்டினார். முதல் ரியூபையும் வாங்கி அதே மாதிரி ஒட்டினார். ரயரின் உட்பக்கத்தில் விரல் ஓட்டி, நான் தேடியும் காணாத முள்ளின் முனையைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

காற்றுத்தான் பயமாக இருந்தது. அவருடையது நின்றுகொண்டு இரண்டு கையாலும் அடிக்கும் பழைய பம். நுனியில் கவ்வி. ஊசியின் சின்னத் தலையைத் திருகித் திறந்துவிட்டுக் கவ்வியை மாட்டச் சொன்னேன். அச்சொட்டாகப் பிடித்தது. செட்டின் புது மெசினால் முடியாததை அது செய்தது. ஐயா பாதி அடித்தார், மீதியை நான் தொங்கித் தொங்கி அடித்தேன். தொண்ணூறுகளில் மின்சாரமும் பெற்றோலும் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. இங்கே சைக்கிள் திருத்த ஆள் இல்லாமல் போகாது. என் மாதிரிச் சைக்கிளுக்குச் சாமான்தான் இல்லை. ஆகவே வருகிறவர்கள் ரியூபும் வால்வுத் துண்டும் கொண்டுவாருங்கள், முடிந்தால் கொஞ்சம் அகல ரயர் போட்டுக்கொண்டு வாருங்கள். மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு ஒட்டுக்கு மட்டும் காசு வாங்கினார். காற்றுக்கு என்ன காசு என்றார். நான் கூடக் கொடுத்ததைத் திருப்பி என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த முறை வரேக்க இந்தக் குடல் ரியூப் ஒரு பத்து கொண்டந்து தாங்கோ தம்பி. உங்களை மாதிரி வாற ஆக்களுக்கு நல்ல விலைக்கு விப்பன்."